உலகம் முடியும் தேதியும் எரிகிற விளக்கும்



பதிவு நீளமானது. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட பிறகு சாவகாசமாகப் படியுங்கள்.

தெருவில் ஸ்டார்கள் ஏறத் தொடங்கிவிட்டன. கேக்குக்கு திராட்சை ஊறப்போட்டவர்கள் போட்டாயிற்று. இந்த நேரத்தில், என்னிடம் படித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "டீச்சர், கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்னால் தோழியோடு சர்ச்சுக்குப் போனேன். பாலன் பிறப்பைப் பற்றி வாசிப்பார்கள் என்று நினைத்தேன். சூரியன் இருண்டுபோகும், கடல் கொந்தளிக்கும், வானத்தின் சக்திகள் அசையும் என்று வாசித்தார்கள். குழந்தை பிறப்பதைக் கொண்டாடப் போகிற காலத்தை ஏன் உலக அழிவில் தொடங்குகிறார்கள்?"

நல்ல கேள்வி. பல வருடம் சர்ச்சுக்குப் போகிறவர்களே கேட்காத கேள்வி. எனக்குத் தெரிந்த பதிலை வரலாற்றின் வழியாகவே சொல்கிறேன். பிரசங்கம் செய்வது என் வேலை இல்லை, அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். "அட்வென்டுஸ்" என்ற லத்தீன் சொல்லுக்கு "வருகை" என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் அட்வெந்து. கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்கிறார்கள். நவம்பர் 30ஐ ஒட்டி வரும் ஞாயிறில் தொடங்கி நான்கு ஞாயிறுகள். மேற்கத்தியத் திருச்சபைகளின் வழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்காது, இந்த ஞாயிறில்தான் தொடங்கும். கத்தோலிக்கத் திருச்சபையிலும் பல சீர்திருத்தத் திருச்சபைகளிலும் மூன்று ஆண்டுச் சுழற்சியில் சுவிசேஷம் வாசிக்கிறார்கள். ஒரு வருடம் மத்தேயு, ஒரு வருடம் மாற்கு, ஒரு வருடம் லூக்கா. மூன்று வருடமும் முதல் ஞாயிறுக்கு வரும் பகுதி உலக முடிவைப் பற்றியதுதான். ஆகவே அது தற்செயலாக வந்ததில்லை.

ஆரம்பத்தில் இது கொண்டாட்டக் காலமாகவும் இல்லை. 5ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் பிரான்சின் தூர் நகரத்தில் பெர்பெச்சூஸ் என்ற பிஷப் இருந்தார். புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருக்க வேண்டும் என்று அவர் ஒழுங்கு செய்தார். நம் ஊர் லெந்து காலத்துக்கு ஒரு தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் பெரியவர், அதனால் வீட்டைப் பெருக்கி வை என்பதுதான் அதன் கருத்து. வருகை இரண்டு. பெத்லகேமில் நடந்து முடிந்தது ஒன்று. காலத்தின் முடிவில் நடக்கப் போவதாக அவர்கள் நம்பியது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே இந்த நான்கு வாரமும் நினைவுகூர்கிறது.

இப்போது உலக முடிவு எழுத்துகளைப் பற்றி. இவற்றுக்கு கிரேக்கத்தில் "அப்போகாலிப்ஸிஸ்" என்று பெயர். அதன் நேர்ப்பொருள் அழிவு இல்லை, திரையை விலக்கிக் காட்டுதல். இந்த இடத்தில் நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களைப் பாராட்ட வேண்டும். "வெளிப்படுத்தின விசேஷம்" என்றும் "திருவெளிப்பாடு" என்றும் மூலச் சொல்லின் பொருளை அப்படியே பிடித்திருக்கிறார்கள்.

இவற்றை எழுதியவர்கள் சுகமாக உட்கார்ந்து பயமுறுத்தியவர்கள் இல்லை. தானியேல் புத்தகத்தின் தரிசனங்கள் இன்றைய வடிவத்தை அடைந்தது கி.மு. 167ஐ ஒட்டி என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தியோகஸ் என்ற கிரேக்க அரசன் எருசலேம் கோயிலைத் தீட்டுப்படுத்தி யூத வழிபாட்டையே தடைசெய்த காலம் அது. லூக்கா சுவிசேஷம் எழுதப்பட்டபோது, கி.பி. 70இல் ரோமப் படை எருசலேமையும் கோயிலையும் இடித்து முடித்துவிட்டது என்பதும் பெரும்பாலோர் கருத்து. அதாவது, இவற்றை முதலில் கேட்ட மக்களுக்கு உலகம் ஏற்கெனவே இடிந்திருந்தது. "இடியப் போகிறது, பயப்படு" என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "இடிந்ததோடு கதை முடியவில்லை" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால்தான் லூக்கா 21ஆம் அதிகாரம் இத்தனை பயங்கரங்களையும் அடுக்கிவிட்டு, குனிந்து ஒளிந்துகொள்ளச் சொல்லாமல் நிமிர்ந்து தலையைத் தூக்கச் சொல்கிறது. அடுத்து அத்திமரத்தைக் காட்டுகிறது. அது துளிர்விட்டால் கோடை பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். கோடை என்றதும் நமக்கு அனல்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டுக்காரர்களுக்குக் குளிரும் மழையும் போய்ப் பழம் பழுக்கும் காலம் அது. நல்ல சேதி.

இந்தப் பகுதியை வைத்து ரோமில் பேசிய ஒருவரைச் சொல்ல வேண்டும். 589 நவம்பரில் டைபர் நதி கரை உடைந்து ரோம் நகரம் மூழ்கியது. அதன் பின்னாலேயே கொள்ளைநோய். 590இன் தொடக்கத்தில் போப்பாண்டவர் இரண்டாம் பெலாஜியுஸே நோயில் இறந்தார். வெளியே லொம்பார்டு படைகளின் மிரட்டல். அவருக்குப் பின் வந்தவர்தான் பெரிய கிரெகோரி. லூக்கா 21ஐப் பற்றி அவர் செய்த பிரசங்கம் இன்றும் இருக்கிறது. அட்வெந்து இரண்டாம் ஞாயிறுக்கு உரியதாக அதை மரபில் குறிக்கிறார்கள். இரண்டு நாள் முன்பு வீசிய சூறாவளியில் பழைய மரங்கள் வேரோடு சாய்ந்ததையும், வீடுகளும் கோயில்களும் அடியோடு இடிந்ததையும் அதில் சொல்கிறார்.

உலகத்துக்கு வயதாகிவிட்டது, முடிவு நெருங்கிவிட்டது என்று கிரெகோரி உண்மையாகவே நம்பினார். நம்பியவர் என்ன செய்தார்? ஏழைகளின் பெயர்ப் பட்டியல் வைத்து மாதந்தோறும் தானியம் கொடுத்தார். 596இல் அகஸ்டின் என்ற துறவியைக் குழுவோடு இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். 597இல் அவர்கள் கென்ட் பகுதியில் போய் இறங்கினார்கள். நாளை முடிந்துவிடும் என்று நம்புகிற உலகத்தில், பலன் தர நூறு வருடம் ஆகும் வேலையைத் தொடங்கிவைத்தார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குப் போட்ட ஒருவர்.

மிகாயேல் ஷ்டீஃபெல். ஜெர்மன் நாட்டவர், லுத்தரன் போதகர், மார்ட்டின் லூத்தரின் நண்பர். வேதாகமச் சொற்களை எண்களாக மாற்றிக் கூட்டிப் பார்த்து, 1533 அக்டோபர் 19 காலை 8 மணிக்கு உலகம் முடியும் என்று அறிவித்தார். தேதி மட்டும் போதாதென்று மணியும் சொன்னார்! லோஹாவ் என்ற ஊரில் அவருடைய சபை மக்களில் பலர் நம்பினார்கள். வயல் வேலையை விட்டார்கள், இருந்ததைச் செலவழித்தார்கள். 8 மணி வந்தது, போனது. ஷ்டீஃபெலைக் கைது செய்து வேலையிலிருந்தும் நீக்கினார்கள். பிறகு லூத்தரும் மெலாங்க்தனும் சொல்லி வேறு ஊரில் அவருக்கு வேலை கிடைத்தது. மீதி நாளைக் கணிதத்தில் செலவிட்டார். 1544இல் அவர் வெளியிட்ட "அரித்மெட்டிகா இன்டெக்ரா" கணித வரலாற்றில் முக்கியமான நூல். அடுக்குக் கணக்கில் மேலே சிறிதாகப் போடுகிற எண்ணுக்கு ஆங்கிலத்தில் "எக்ஸ்போனென்ட்" என்று படித்தீர்களே, அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். அவ்வளவு பெரிய கணக்கு வாத்தியாருக்கே இந்தக் கணக்கு வரவில்லை.

ஷ்டீஃபெல் பிழைத்துக்கொண்டார். உழாமல் விட்ட வயலுக்கு அந்த விவசாயிகள்தான் விலை கொடுத்தார்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் உறவுக்குள்ளேயே ஒரு வீட்டில், "இனி எத்தனை நாள் இருக்கப் போகிறது உலகம்" என்று ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, மகளின் மேல்படிப்பை நிறுத்தப் பார்த்தார்கள். யார் என்று எழுத மாட்டேன். படிக்கும்போது அவர்களுக்குத் தெரியும். வீடியோ போட்டவன் அடுத்த வருடம் வேறு தேதி போடுவான். நின்றுபோன படிப்பு நின்றதுதான்.

இனி இந்தப் பதிவை எழுதத் தூண்டிய மனிதருக்கு வருகிறேன்.

பிலிப் நிக்கோலாய். 1556இல் ஜெர்மனியின் வால்டெக் பகுதியில் பிறந்தவர், இவரும் லுத்தரன் போதகர். 1596இல் வெஸ்ட்ஃபாலியாவில் ஊன்னா என்ற ஊருக்கு மாற்றலாகி வந்தார். மறு வருடமே அந்த ஊரில் பிளேக் நுழைந்தது. 1597 ஜூலை முதல் 1598 ஜனவரி வரை சுமார் 1,300 பேர் இறந்தார்கள். அன்றைய சிறு நகரத்துக்கு அது எப்படிப்பட்ட எண்ணிக்கை என்று யோசியுங்கள். சில நாட்களில் முப்பது அடக்கங்கள் வரை நடந்தன. போதகர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே கல்லறைத் தோட்டம்.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் சத்தம், தெரு முனையில் தகரம் அடைத்தது, பத்து பேரோடு நடந்த அடக்கங்கள். நான் நாலாம் வகுப்பில் கையைப் பிடித்து எழுத வைத்த இரண்டு பிள்ளைகள் அந்த மாதம் போனார்கள். ஆசிரியருக்கு முன்னால் மாணவன் போவதைத் தாங்குவது கடினம். அன்றுதான் நிக்கோலாயைப் பற்றி நான் முன்பு படித்தது எனக்குச் சரியாகப் புரிந்தது.

அவர் என்ன செய்தார்? பகலில் நோயாளிகளைப் பார்த்தார், அடக்கம் செய்தார். மீதி நேரத்தில் தினமும் எழுதினார். நித்திய வாழ்வைப் பற்றிய தியானங்கள். தான் செத்துப்போனால் இது தன் சாட்சியாக இருக்கட்டும், பிழைத்தால் இதே துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று முன்னுரையில் சொல்கிறார். பிழைத்தார். 1598 கடைசியில் ஸ்பானியப் படைகள் வந்ததால் ஊரை விட்டு ஓட வேண்டியும் வந்தது. 1599இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் புத்தகம் அச்சானது. "நித்திய வாழ்வின் மகிழ்ச்சிக் கண்ணாடி" என்பது தலைப்பின் பொருள். பிணங்களுக்கு நடுவில் இருந்து எழுதியவர் வைத்த பெயர் "மகிழ்ச்சி".

அந்தப் புத்தகத்தில் அவர் எழுதிய இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. ஒன்று "வாஹெட் அவுஃப்", அதாவது "விழித்தெழுங்கள்". இதன் கதை மத்தேயு 25இல் வரும் பத்துக் கன்னிகைகள். மணவாளன் வரத் தாமதமாகிறது, நள்ளிரவில் "வருகிறார்" என்று சத்தம் கேட்கிறது. இன்னொன்று காலை விண்மீனைப் பற்றிய பாட்டு. ஜெர்மானியர்கள் முதல் பாட்டைக் கோரல்களின் ராஜா என்றும் இரண்டாவதை ராணி என்றும் சொல்வார்கள். கோரல் என்றால் சபையார் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் இத்தகைய ஜெர்மன் கோரல்கள் பலவற்றைத்தான் மெட்டோடு தமிழாக்கி "ஞானப்பாட்டு" என்று நமக்குக் கொடுத்தார்கள்.

பாட்டுகளுக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஊன்னாவுக்கு வரும் முன் நிக்கோலாய் வால்டெக் பிரபு குடும்பத்தில் போதகராக இருந்தார். அந்த வீட்டுப் பையன் வில்ஹெல்ம் எர்ன்ஸ்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். விண்மீன் பாட்டின் ஏழு சரணங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அந்தப் பையனின் பெயருக்கும் பட்டத்துக்கும் உரிய முதலெழுத்துகள் வரும். "விழித்தெழுங்கள்" பாட்டின் மூன்று சரணங்களைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் "வால்டெக் பிரபு" என்பதன் முதலெழுத்துகள். அந்த மாணவன் 1598இல், இளம் வயதிலேயே, ட்யூபிங்கனில் இறந்துவிட்டான். புத்தகம் வெளிவந்தபோது அவன் இல்லை. ஆனால் பாட்டில் இருக்கிறான், நானூறு வருடத்துக்கு மேலாக.

இனிதான் விஷயம். இதே நிக்கோலாய் ஷ்டீஃபெலைப் போலக் கணக்கும் போட்டிருக்கிறார்! கிறிஸ்துவின் ஆட்சியைப் பற்றி அதே வருடங்களில் எழுதிய பெரிய நூல் ஒன்றில், வேதாகம எண்களைக் கூட்டிக் கழித்து, உலக முடிவு 1670இல் வரும் என்று கணித்தார். 1608இல் ஹாம்பர்க் நகரத்தில் அவர் இறந்தார். 1670 வந்தது. மழை பெய்தது, விதைத்தார்கள், அறுத்தார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். 1671ம் வந்தது.

ஒரே மனிதர், ஒரே காலம். அவர் போட்ட கணக்கை இன்று ஆராய்ச்சியாளர்களைத் தவிர யாரும் புரட்டுவதில்லை. நோய்க்கு நடுவில் எழுதிய பாட்டை உலகமெங்கும் ஒவ்வொரு வருடமும் பாடுகிறார்கள். காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம், அவர் எடுத்துக்கொண்ட கதையிலேயே இருக்கிறது. பத்துக் கன்னிகைகளில் ஐந்து பேர் புத்தியுள்ளவர்கள். அவர்களுக்கு மணவாளன் வரும் நேரம் தெரிந்திருந்ததா? இல்லை. விடிய விடிய விழித்திருந்தார்களா? அதுவும் இல்லை, பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள் என்றுதான் கதை சொல்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஐந்து பேர் விளக்குக்கு எண்ணெய் எடுத்து வந்திருந்தார்கள். நேரம் தெரிய வேண்டும் என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். கொள்ளைநோயில் நிக்கோலாய் பார்த்த வேலை அந்த எண்ணெய்.

பாட்டின் பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1731 நவம்பர் 25, லைப்சிக். இசைமேதை பாக் இந்தப் பாட்டை வைத்து ஒரு கான்டாட்டா எழுதி அரங்கேற்றினார். இப்போது அதன் எண் 140. ஈஸ்டர் மிகவும் சீக்கிரம் வரும் வருடங்களில் மட்டுமே வரும் ஒரு ஞாயிறுக்காக எழுதியது அது. அந்த ஞாயிறின் சுவிசேஷம் பத்துக் கன்னிகைகள் கதை. அடுத்த ஞாயிறு அட்வெந்து. முடிவைப் பற்றிய வாசிப்பில் ஆண்டு முடிந்து, அதே ராகத்தில் புது ஆண்டு தொடங்குகிறது.

நிக்கோலாய் கடைசியாக இருந்த ஹாம்பர்க்கில், இரண்டு நூற்றாண்டு கழித்து, யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற இளைஞர் 1833இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். பெயர் ரவ்ஹெஸ் ஹவுஸ். டிசம்பர் வந்தால் பிள்ளைகள் தினமும் "இன்னும் எத்தனை நாள்?" என்று அவரை நச்சரிப்பார்களாம். 1839இல் ஒரு மரச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இன்று சர்ச்சுகளில் பார்க்கிற அட்வெந்து வளையத்தின் தொடக்கம் அதுதான். இதுவும் நாளை எண்ணுவதுதான். ஷ்டீஃபெலின் எண்ணிக்கையில் நாள் குறையக் குறையப் பயம் கூடியது. விஷெர்ன் வீட்டில் நாள் குறையக் குறைய வெளிச்சம் கூடியது.

இது சும்மா அழகுக்குச் சொல்கிற பேச்சா என்று கேட்கலாம். அதற்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். ஹிட்லரை எதிர்த்ததால் 1943 ஏப்ரலில் கைதான லுத்தரன் இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர், பெர்லின் டேகல் சிறையில் இருந்தபோது, அந்த நவம்பரில் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறை அறைக்கும் அட்வெந்துக்கும் பொருத்தம் உண்டு என்கிறார். உள்ளே இருப்பவன் காத்திருக்கிறான், நம்புகிறான், ஏதோ சின்ன வேலை செய்கிறான். கதவு வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். மறு வருட அட்வெந்தில் அதே சிறையில் ஆல்ஃபிரட் டெல்ப் என்ற இயேசு சபைக் குரு, கையில் விலங்கோடு அட்வெந்து தியானங்களை எழுதினார். துண்டுக் காகிதங்கள் வெளியே கடத்தப்பட்டன. 1945 பிப்ரவரி 2 அன்று டெல்பும், ஏப்ரல் 9 அன்று போன்ஹோஃபரும் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குக் கதவு அவர்கள் விரும்பியபடி திறக்கவில்லை. இதை மறைத்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் காத்திருந்த நாட்களில் அவர்கள் எழுதியது அடுத்த தலைமுறைக்கு எண்ணெயாக வந்து சேர்ந்தது.

ஆகவே, கேள்வி கேட்ட மகளே, என் பதில் இதுதான். குழந்தையைக் கொண்டாடும் காலம் உலக முடிவில் தொடங்குவது நம்மைப் பயமுறுத்த இல்லை. உலகம் உடைந்து கிடக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. வெள்ளம் வந்த வீட்டிலும், ஆஸ்பத்திரி வராண்டாவிலும், மகன் போய்விட்ட வீட்டிலும் இருப்பவர்களிடம் "எல்லாம் நன்றாக இருக்கிறது, வா பாடலாம்" என்று சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். "இடிந்திருக்கிறது, தெரியும். ஆனாலும் தலையைத் தூக்கு, வேலை இருக்கிறது" என்று சொன்னால் ஒருவேளை எழுந்து உட்காருவார்கள். சர்ச்சுக்குப் போகாத என் பிள்ளைகளும் இதை எடுத்துக்கொள்ளலாம். நம்பிக்கைக்கு மதம் வேறுபடலாம், எண்ணெய் எல்லா வீட்டு விளக்குக்கும் வேண்டும்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். தேதி போட்டு உலக அழிவுச் செய்தி வந்தால் அதை எனக்கும் குடும்பக் குழுவுக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பியவரிடம் "1533 அக்டோபர் 19 காலை 8 மணிக்கு என்ன ஆனது?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது, இந்த நான்கு வாரத்தில் யார் வீட்டிலாவது இந்த வருடம் துக்கம் நடந்திருந்தால், கேக் கொடுத்துவிட்டு வாசலிலேயே திரும்பி வராதீர்கள். உள்ளே போய் அரை மணி நேரம் உட்காருங்கள். படிப்பை நிறுத்தப் பார்க்கிற பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், ஃபீஸ் கட்ட ஆள் சேருங்கள். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனைவருக்கும் அட்வெந்து கால வாழ்த்துகள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்